முரளிதரன் பெயரில் ஒரு போட்டி: மலையக மாணவரின் கட்டுரையும் சித்திரமும்

விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டியும் சித்திரப் போட்டியும் நடத்துவது பல நாடுகளில் வேரூன்றிய வழக்கம். இவற்றில் பெரும்பாலானவை வீரரின் பெயரைத் தலைப்பாகக் கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. பிறந்த திகதி, படித்த பாடசாலை, வென்ற பதக்கம், பெற்ற விருது என்று மாணவர் வரிசையாக எழுதுகிறார். பத்துக் கட்டுரைகளைப் படித்த நடுவருக்குப் பதினோராவது கட்டுரை எப்படி முடியும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மாணவரிடம் அவருடைய சொந்த வாழ்வைப் பற்றிக் கேட்கும் போட்டிகள் மிகச் சில. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் இத்தகைய போட்டி ஒன்றை அமைக்க விரும்புவோர் மேடையையும் பரிசையும் பற்றி யோசிப்பதற்கு முன்னர், என்ன கேட்பது என்பதை யோசிக்க வேண்டும்.

இவ்வகைப் போட்டிகளில் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது ஜாக்கி ரொபின்சன் பெயரில் அமெரிக்காவில் நடப்பது. ரொபின்சன் 1919 ஜனவரி 31 அன்று ஜோர்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பெருந்தோட்டம் ஒன்றில் வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த கறுப்பினத்தவர். அவருடைய பாட்டனார் காலத்தில் அந்தக் குடும்பம் அடிமைத்தளையில் இருந்தது. தந்தை குடும்பத்தை விட்டுப் போன பின்னர் தாய் மல்லி ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து வீட்டு வேலை செய்து வளர்த்தார். அன்றைய அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் அணிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எழுதப்படாத அந்தச் சட்டத்தை உடைத்து, 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காக ரொபின்சன் களமிறங்கினார். அரங்கிலிருந்து வசை பொழிந்தது. தங்குவிடுதிகள் கதவடைத்தன. பதிலடி கொடுப்பதில்லை என்று அணி நிர்வாகியான பிராஞ்ச் ரிக்கிக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். 1949இல் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார்.

ரொபின்சன் முதன்முதலில் களமிறங்கிய நாளின் 50ஆவது ஆண்டு நிறைவான 1997இல், அவர் அணிந்த 42ஆம் இலக்கம் எல்லா அணிகளிலும் ஓய்வு பெற்றது. அதே ஆண்டு அவருடைய மகள் ஷெரன் ரொபின்சன், பேஸ்போல் நிர்வாக அமைப்போடும் ஸ்கொலஸ்டிக் பதிப்பகத்தோடும் சேர்ந்து, தடைகளைத் தகர்த்தல் என்ற பொருளில் பாடசாலை மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டியைத் தொடங்கினார். தந்தையின் வாழ்விலிருந்து துணிவு, உறுதி, நீதி, நேர்மை, விடாமுயற்சி, குழு உணர்வு உள்ளிட்ட ஒன்பது பண்புகளை அவர் வகுத்திருந்தார். அவற்றுள் எதைக் கொண்டு உன் வாழ்வில் ஒரு தடையைக் கடந்தாய், அல்லது கடக்க முயல்கிறாய் என்பதே கேள்வி. ரொபின்சனின் புள்ளிவிவரங்கள் எவருக்கும் தேவைப்படவில்லை. நோய், பெற்றோரின் மறைவு, புதிய நாட்டில் புரியாத மொழி, வகுப்பில் நடக்கும் கேலி என்று பிள்ளைகள் எழுதினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவரின் பாடசாலைக்கு ஷெரனே நேரில் சென்றார். ஒரு வீரரின் நினைவு அடுத்த தலைமுறையின் கையில் உயிரோடு இருப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டைச் சொல்வது கடினம்.

விளையாட்டும் கலையும் ஒரே போட்டியில் சேர்வது புதிதல்ல. 1912 ஸ்டொக்ஹோம் முதல் 1948 இலண்டன் வரை ஒலிம்பிக் விழாக்களில் இலக்கியம், ஓவியம், சிற்பம், இசை, கட்டடக்கலை ஆகியவற்றுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. படைப்பு விளையாட்டைப் பொருளாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. 1924இல் ஓவியத்துக்கு வெள்ளிப் பதக்கம் வென்ற அயர்லாந்தின் ஜாக் யேட்ஸ் வரைந்தது டப்ளின் நகரின் லிஃபி ஆற்றில் நடந்த நீச்சல் போட்டியை. அந்தப் படத்தில் நீந்துபவர்களைவிடக் கரையில் முண்டியடிக்கும் கூட்டமே அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது. வேடிக்கை பார்க்கும் ஊரையே ஓவியர் வரைந்தார். சித்திரப் போட்டி நடத்துவோருக்கு இதில் பாடம் இருக்கிறது. அது பின்னர் வரும்.

ஒலிம்பிக்கில் கலைப் போட்டி கடைசியாக நடந்த அந்த 1948ஆம் ஆண்டில், கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளி வென்று இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவந்த தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. ஒரு பிள்ளை எந்த நாட்டுக்காக ஓடுவது, எந்த நாட்டுக்காகப் பந்து வீசுவது என்ற கேள்விக்கு அந்தச் சமூகத்தில் பல பத்தாண்டுகள் விடை இல்லாமல் இருந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் எதிர்காலத்தை அவர்களைக் கேட்காமலே பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

இந்த வரலாற்றின் நடுவில் பிறந்தவர் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன். அவருடைய பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். பின்னர் அவர் மகள்மாரோடு திரும்பிப்போய்த் திருச்சிராப்பள்ளியில் குடியேறினார். மகன்மார் இலங்கையிலேயே தங்கினர். அவர்களில் ஒருவரான முத்தையா கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழிலில் ஈடுபட்டு முன்னேறினார். முரளிதரன் 1972 ஏப்ரல் 17 அன்று கண்டியில் பிறந்தார். ரொபின்சன் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

இங்கே போட்டி நடத்துவோரும் ஆசிரியர்களும் தெளிவாக இருக்க வேண்டும். முரளிதரன் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயன் காம்பராவில் வளர்ந்தவர் அல்லர். வசதியான வணிகக் குடும்பத்தில் வளர்ந்து, கட்டுகஸ்தோட்டையில் பெனடிக்ட் சபைத் துறவியரின் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். கொழுந்துக் கூடையையும் கிழிந்த சட்டையையும் அவருடைய பிள்ளைப்பருவத்தில் ஒட்டவைக்கும் கட்டுரைகள் கேட்பவரை உருக்கலாம், அவை உண்மையல்ல. மூன்று தலைமுறைக்குள் தேயிலை மலையிலிருந்து உலக அரங்குக்கு வந்த ஒரு குடும்பத்தின் மெய்யான கதையே போதிய அளவு வலுவானது. அந்த வசதியும் அவர்களைக் காக்கவில்லை: 1977 கலவரத்தில் தந்தையின் தொழிற்சாலை தாக்கப்பட்டது.

கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பையனை 14 வயதில் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. 1992 ஆகஸ்ட் 28 அன்று கொழும்பு கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முரளிதரனின் டெஸ்ட் வாழ்வு தொடங்கியது. 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்ன் மைதானத்தில், பல்லாயிரம் பேர் முன்னிலையில், நடுவர் டரெல் ஹெயார் அவர் பந்தை எறிகிறார் என்று மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ-போல் அறிவித்தார். சில நாட்களில் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சனும் அப்படியே செய்தார். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை முரளிதரனுடையது. மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் அவருடைய கை படம்பிடிக்கப்பட்டு அளக்கப்பட்டது. எறிவதாகத் தோன்றுவது கண்ணின் மயக்கம் என்று முடிவு வந்தது. 1999இல் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் நோ-போல் சொன்னபோது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று நின்றார். 2004இல் முழங்கை அசையாதபடி கட்டுப்போட்டுக்கொண்டு முரளிதரன் கமெராவின் முன் பந்து வீசிக் காட்டினார். பந்துவீச்சாளர் எவரும் 15 பாகை வரை கையை நிமிர்த்தலாம் என்ற விதியைச் சர்வதேச கிரிக்கெட் சபை 2005இல் கொண்டுவந்தது. ஒரு கையின் மீது எழுந்த சந்தேகம் விளையாட்டின் விதியையே மறுபரிசீலனை செய்யவைத்தது.

2007 டிசம்பர் 3 அன்று, சொந்த ஊரான கண்டியின் அஸ்கிரிய மைதானத்தில், பெற்றோர் பார்த்திருக்க ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையை அவர் தாண்டினார். 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டோடு ஓய்வு பெறுவதாக அறிவித்தபோது கையிலிருந்தவை 792. அந்த ஒரே ஆட்டத்தில் எட்டையும் எடுத்தார். ஜூலை 22 அன்று பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தபோது 133 டெஸ்ட்களில் 800 விக்கெட் நிறைவாயிற்று. அதுவே அவர் டெஸ்டில் வீசிய கடைசிப் பந்து. மைதானத்துக்கு வெளியே, 2004 சுனாமியில் சிதைந்த தென்கரைச் சிங்களக் கிராமமான சீனிகமவை மையமாகக் கொண்ட நற்பணி அமைப்போடு இணைந்து வீடமைப்பில் உழைத்தார். 2012 முதல் அவர் பெயரால் வடக்கில் நடந்த கிரிக்கெட் தொடர் தெற்குப் பாடசாலைகளையும் வடக்குப் பாடசாலைகளையும் ஒரே மைதானத்தில் இறக்கியது.

இத்தனையும் கட்டுரைக்குப் பின்னணி. கேள்வி வேறாக இருக்க வேண்டும். உன்னால் முடியாது என்று யார், எப்போது சொன்னார்கள், அதற்கு நீ என்ன செய்தாய் என்று ஹட்டன் வலயத்தில் தரம் 8 படிக்கும் பிள்ளையிடம் கேட்டால், எந்தப் பாடநூலும் அதற்கு விடை தராது. காலையில் அம்மா பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு, போன பின்னர் தம்பி தங்கையைக் கிளப்பிப் பாடசாலைக்குக் கூட்டிப்போகும் பிள்ளை இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பியும் அருகிலுள்ள பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லாததால் வேறு பாடம் எடுத்த மாணவி இருக்கிறாள். சாதாரணதரத்தோடு கொழும்புக் கடைக்குப் போன அண்ணனைப் பற்றி எழுத விரும்புகிறவன் இருக்கிறான். இலவசக் கல்வி 1945இல் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1970களிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அந்தத் தாமதத்தின் சுமையை இன்றைய பிள்ளையும் சுமக்கிறது. அதை அந்தப் பிள்ளையே எழுதட்டும்.

மேல்வகுப்பு மாணவருக்கு இன்னொரு வாசலும் திறக்கப்பட வேண்டும். வீரரோடு கருத்து வேறுபடும் உரிமை அது. முரளிதரனின் அரசியல் கூற்றுகள் தமிழரிடையே கடும் எதிர்ப்பைப் பெற்றவை. 2020இல் அவருடைய வாழ்க்கைப் படத்தில் நடிப்பதாக அறிவிக்கப்பட்ட விஜய் சேதுபதி தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் விலகினார். ‘800’ என்ற அந்தப் படம் வேறு நடிகரோடு 2023இல் வெளிவந்தது. ரொபின்சனும் இதற்கு விலக்கல்லர். 1949இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் பாடகர் போல் ரொப்சனுக்கு எதிராகச் சாட்சியம் சொன்ன அவர், 1972இல் வெளிவந்த தன்வரலாற்றில் அத்தகைய அழைப்பை இனி ஏற்கமாட்டேன் என்ற பொருளில் எழுதினார். பந்துவீச்சை வியந்துகொண்டே பேச்சை மறுக்கும் கட்டுரை 17 வயது மாணவரிடமிருந்து வந்தால், நடுவர் அதற்குப் புள்ளி குறைக்கக் கூடாது. அப்படி எழுதத் தெரிந்த மாணவரே வீரரை மனிதராகப் பார்த்தவர்.

சித்திரத்துக்கு வந்தால் நிலைமை கட்டுரையைவிடக் கடினம். முரளிதரனை வரையச் சொன்னால் பத்திரிகைப் படத்தைப் பார்த்து வரைந்த விரிந்த கண்களும் வளைந்த மணிக்கட்டும் நீலச் சட்டையுமே வரும். தேயிலைத் தோட்டம் என்றால் கூடை சுமந்து சிரிக்கும் பெண், பின்னால் அருவி. தேயிலைப் பெட்டியின் மேலுள்ள படம் பிள்ளையின் தாளில் மறுபடி அச்சாகும். யேட்ஸின் ஓவியம் உதவுவது இங்கேதான். உன் தோட்டத்தில் விளையாடும் இடத்தையும் அங்கே நிற்பவர்களையும் வரை என்று கேட்க வேண்டும்.

தோட்டத்தில் சமதரை அரிது. கோயில் முற்றம், தொழிற்சாலைக்குப் பக்கத்து வெளி, லயத்துக்கும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் இடையில் கிடைக்கும் சிறு துண்டு ஆகியவையே பெரும்பாலும் மைதானம். பந்து மேட்டுப்பக்கம் போனால் திரும்பி உருண்டுவரும். பள்ளத்துப்பக்கம் போனால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். அதற்கேற்ப ஆட்ட விதிகளைப் பிள்ளைகளே வகுத்துக்கொள்கிறார்கள். மறுபுறம், அதே மலைகளில் ராதல்ல, டரவளை போன்ற இடங்களில் வெள்ளைத் துரைமார் தங்களுக்கென்று செதுக்கிய அழகிய புல்வெளி மைதானங்கள் உண்டு. சரிவில் ஆடும் பிள்ளையையும் சமதரையில் ஆடிய துரையையும் ஒரே தாளில் வரையும் மாணவர் மலையக வரலாற்றை வரைந்தவராவார்.

அந்தப் படங்களில் பெண்பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதை நடுவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தண்ணீர்க் குடத்தோடு ஓரத்தில்தான் நிற்பார்கள். தோட்டத்தின் கொழுந்தைப் பறிப்போரில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள்; விளையாட்டு என்று வரும்போது வயதுக்கு வந்த பெண் ஒதுங்கிவிடுகிறாள். இந்தக் காரணத்துக்காகவும் முரளிதரன் ஒருவரோடு பொருளை முடக்கிவிடாமல் வேறு பெயர்களையும் சேர்ப்பது நல்லது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் பதக்கம் வென்ற சுசந்திகா ஜயசிங்க, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் தூணாக நின்ற தர்ஜினி சிவலிங்கம், 1958 ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் ஆகியோரில் ஒருவரை மாணவரே தெரிவுசெய்யலாம்.

நடைமுறையில் போட்டியைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, ஆசிரியரோ வீட்டாரோ எழுதிக் கொடுத்ததை மனனம் செய்து ஒப்புவிக்கும் பழக்கம். அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக நடந்து மலையகத்தில் பல திறமைகளை வெளிக்கொணர்ந்திருக்கின்றன. ஆயினும் வெற்றி பெற்ற பழைய கட்டுரையின் சாயலில் புதிய கட்டுரை தயாராவது எல்லாப் போட்டிகளுக்கும் உள்ள நோய். தலைப்பை மண்டபத்தில் வைத்துத் திறந்து, இரண்டு மணி நேரத்தில் அங்கேயே எழுதவும் வரையவும் செய்தால் அந்த நோய் பெருமளவு தீரும். இரண்டாவது, பணம். வர்ணப் பெட்டியும் டிமை தாளும் வாங்குவது நாட்சம்பளத்தில் வாழும் வீட்டுக்குச் சுமை. ஆறு நிறப் பஸ்டலோடு வரும் பிள்ளையும் நாற்பது நிறத்தோடு வரும் பிள்ளையும் ஒரே வரிசையில் அமர்ந்தால் அது போட்டியாகாது. தாளையும் வர்ணத்தையும் நடத்துவோரே எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுக்க வேண்டும். முடிவை அறிவிக்கும் கடிதமும் பாடசாலை வழியாகவே போக வேண்டும். பல லயன்களுக்குத் தனி முகவரி இல்லை. தோட்ட அலுவலகத்துக்கு வரும் தபால் உரியவர் கைக்குப் போய்ச்சேர நாளாகும், சில வேளைகளில் சேராமலும் போகும்.

நடுவர்களில் ஒருவராவது தோட்டத்தில் வளர்ந்தவராக இருப்பது அவசியம். அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), பிரட்டுக்களம், பீலி, காம்பரா என்று பிள்ளை எழுதும்போது சிவப்புக் கோடு போடும் நடுவர், அந்தக் கட்டுரையின் உயிரான பகுதியையே அடித்துவிடுவார். எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்கலாம். வழக்குச் சொல்லுக்குக் குறைக்கலாகாது.

போட்டி முடிந்த பின்னர் ஆக்கங்களுக்கு என்ன நேர்கிறது என்பதில் மலையகத்துக்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. 1960களில் வீரகேசரி நாளிதழ் தோட்ட மக்களுக்கென்று பக்கம் ஒதுக்க, எஸ். எம். கார்மேகம் அதைக் கவனித்த காலத்தில், மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் மலையகச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. பரிசு பெற்ற கதைகள் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுப்பாக 1971இல் வெளிவந்தன. பின்னாளில் மலையக இலக்கியத்தின் பெரும் பெயர்களில் ஒன்றாக விளங்கிய தெளிவத்தை ஜோசப்பும் அந்தப் போட்டிகளில் பரிசு பெற்றவர். சான்றிதழும் கேடயமும் மட்டும் கொடுத்திருந்தால் அந்தக் கதைகள் இன்று எவர் கையிலும் இருக்காது. மாணவர் போட்டிக்கும் இதுவே வழி: தெரிவான கட்டுரைகளும் சித்திரங்களும் ஒரே நூலில், பிள்ளையின் விருப்பத்தோடு, வேண்டுமானால் பெயரை மறைத்து, அச்சாக வேண்டும். வீட்டுத் துன்பத்தை எழுதிய பிள்ளையின் பெயரை மேடையில் உரத்துப் படிப்பது கொடுமையாகவும் முடியலாம். நூலின் பிரதி ஒவ்வொரு பாடசாலை நூலகத்துக்கும் போவதோடு, பங்குபற்றிய எல்லா மாணவருக்கும் ஒன்று கிடைக்க வேண்டும்.

காலத்தைத் தெரிவதிலும் மலையின் இயல்பு பார்க்கப்பட வேண்டும். முரளிதரனின் பிறந்தநாளான ஏப்ரல் 17 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருகிறது; வெளியூரில் வேலை செய்வோர் வீடு திரும்பியிருக்க, பாடசாலைகள் மூடியிருக்கும். 800ஆவது விக்கெட் விழுந்த ஜூலை 22 தென்மேல் பருவமழையின் நடுவில் வருகிறது. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்தில் அப்போது மண்சரிவும் பாதைத் தடையும் வழக்கம். மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையே பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. அந்த வாரங்களில் கட்டுரையையும் சித்திரத்தையும் சேர்த்துக்கொண்டால், ஓட்டத்தில் கடைசியாக வரும் பிள்ளையும் தன் இல்லத்துக்குப் புள்ளி சேர்க்க முடியும்.